தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: தருமபுரியிலிருந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வேன் பிடித்து, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், அவர்கள் வீட்டார், அக்கம்பக்கத்தார் என ஏறக்குறைய இருபது பேரைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்வது ஓய்வுபெற்றபின் எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தொப்பூர்க் கணவாய் இறங்குவதற்குள் பாதியும், திருச்சி தாண்டுவதற்குள் மீதியும் வந்துவிடும். வேனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

"தஞ்சாவூர்னா பெரிய கோயில்தானே? இந்தக் கலைக்கூடம்ங்கிறது என்னங்க?"

பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பழைய நகரின் நடுவே, நாயக்கரும் மராட்டியரும் அடுத்தடுத்து ஆண்ட அரண்மனை இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் 1951-ஆம் ஆண்டு, அப்போதைய மாவட்ட ஆட்சியரின் முயற்சியால் தொடங்கப்பட்டதே இந்தக் கலைக்கூடம். சோழநாட்டின் பல ஊர்களில் இடிந்த கோயில்களிலும் வயல்களிலும் கிடந்த கற்சிலைகளும், மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும் இங்கே வைக்கப்பட்டுள்ளன.

வெளியூர்ப் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட இருந்த பொருள்கள், பிறந்த மாவட்டத்திலேயே தங்கியதுதான் இந்த இடத்தின் சிறப்பு என்பது என் கருத்து. ஒவ்வொரு சிலையின் கீழும் சிறு பெயர்ப்பலகை உண்டு. பெரும்பாலோர் தெய்வத்தின் பெயரையும் நூற்றாண்டையும் படித்துவிட்டு நகர்கிறார்கள். நான் உடன் வருபவர்களிடம் ஊர்ப்பெயரை முதலில் படிக்கச் சொல்லுவேன். அதற்கான காரணம் பின்வரும் பதில்களில் தானே விளங்கும்.

"அரண்மனைன்னா ராஜராஜ சோழன் இருந்த அரண்மனையா?"

இல்லை. சோழர் அரண்மனையில் இன்று நாம் கண்ணால் பார்க்கத் தஞ்சாவூரில் எதுவும் மிஞ்சவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்தபோது "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி" (உறந்தை என்பது உறையூர்) என்று, கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அவனுடைய புகழுரையான மெய்க்கீர்த்தியே பெருமையோடு சொல்லுகிறது. அப்படையெடுப்பில் ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்றும், அது பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாக அளித்தது என்பதே காரணம் என்றும் திருவெள்ளறைக் கல்வெட்டு கூறுகிறது.

இப்போதுள்ள அரண்மனை பதினாறாம் நூற்றாண்டில் செவ்வப்ப நாயக்கர் காலத்திலிருந்து நாயக்கர்களால் கட்டப்படத் தொடங்கி, 1670-களில் ஆட்சி மராட்டியர் கைக்கு மாறிய பிறகு அவர்களால் விரிவாக்கப்பட்டது. 1855-இல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் ஆங்கிலேயர் அந்த அரசையே இல்லாமல் ஆக்கினர். ஆகவே சோழர் காலச் சிலைகள் நாயக்கர் காலக் கட்டடத்தில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே காலத்தவை என்று எண்ணிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

"பழைய கட்டடம்ங்கிறாங்க, பார்த்தா பூச்சு புதுசா இருக்கே?"

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய கட்டடங்கள் பழுது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். தஞ்சைக் கட்டடங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் முதல் எதிரி. மேல்தளத்தில் ஒரு விரிசல் விழுந்து, அதில் பறவை எச்சத்தோடு ஆல விதையோ அரச விதையோ தங்கிவிட்டால், பத்தாண்டில் வேர் சுவரைப் பிளந்துவிடும். அதனால் பூச்சு புதிதாக இருப்பது குறையாகாது. எந்தப் பொருளால் பூசினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லைப் பொடியாக்க, சில ஆண்டுகளில் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாகப் பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். எனவே பழுது பார்ப்பவர்கள் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் காரை தயாரிக்கும் பழைய முறைக்கே திரும்பியிருக்கிறார்கள். நம் பக்கத்து ஊர்களில் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்கள், பின்கட்டில் சிமெண்டு பூசிய சுவரையும் பூசாத சுவரையும் அடுத்தடுத்து நின்று பார்த்தால் இதைத் தாங்களே கண்டுகொள்ளலாம்.

தர்பார் மண்டபத்தில் நிற்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். பருத்த தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும் செங்கல்லால் ஆனவை. வளைவுகளின் மேலுள்ள உருவங்களும் பூவேலைகளும் சுதையால் செய்து வண்ணம் தீட்டியவை. சிலைகளைப் பார்க்க வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த விதானத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

"அதுக்குள்ளயே எத்தனை மியூசியம் இருக்கு? ஒரே டிக்கெட்டா?"

அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகமும் அதன் காட்சியகமும், மராட்டியர் தர்பார் மண்டபம், மாடமாளிகை, கூடகோபுரம் எனப் பல பகுதிகள் உள்ளன. இவை ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லாததால், ஒரு சீட்டு எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்கான விதியைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

"ஒரே நாள்ல போயிட்டு வந்துர முடியுமா?"

முடியும், ஆனால் இடுப்பு ஒடியும். சேலம், நாமக்கல், திருச்சி வழியாக ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்கு நாலு ரோட்டில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால், பத்து மணியளவில் கலைக்கூடத்தில் நிற்கலாம். வயதானவர்கள் இருந்தால் ஓர் இரவு தங்கி, மாலையில் பெரிய கோயிலையும் மறுநாள் காலை தாராசுரத்தையும் பார்ப்பதே முறை. தாராசுரத்தை ஏன் சொல்லுகிறேன் என்பது துவாரபாலகர் பற்றிய கேள்வியில் வருகிறது.

"வேன் டிரைவர் ஒரு மணி நேரம்தான் குடுப்பாரு. எதைத்தான் பார்க்கிறது?"

அப்படியானால் மூன்றே பொருள்களைப் பாருங்கள், மற்றவற்றைக் கடந்து செல்லுங்கள். செப்புத் திருமேனிகளில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன். கற்சிலைகளில் தாராசுரத்து யானை உரி போர்த்த மூர்த்தி. மூன்றாவது, கல்யாணபுரத்துத் துவாரபாலகர். ஒவ்வொன்றின் முன்பும் பத்து நிமிடமாவது நின்றால், ஐந்நூறு சிலையைச் சுற்றி வந்தவரைவிட நீங்கள் அதிகம் பார்த்தவராவீர்கள்.

யானை உரி போர்த்தவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழிந்த யானைத்தோல் பின்னால் விரிந்து நிற்க, இறைவன் உடலை முறுக்கித் திரும்பும் அந்த நொடியைச் சிற்பி பிடித்திருக்கிறார். அருகில் குழந்தையுடன் அஞ்சி ஒதுங்கும் உமையையும் பார்க்கத் தவறாதீர்கள். இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலைச் சேர்ந்தது.

"மாட்டு மேல சாய்ஞ்சிருக்கிற சிவன்னு சொல்றீங்க, மாட்டைக் காணோமே?"

காளை கிடைக்கவில்லை. ஆனால் அது இல்லாததாலேயே அந்தத் திருமேனியின் அருமை கூடுதலாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். ஒரு காலை ஊன்றி, மறுகாலை அதன் குறுக்கே தளர்வாக வைத்து, ஒரு கையை இடுப்பருகே விட்டு, வலக்கையை மடித்து நீட்டி நிற்கிறார். அந்த முழங்கையும் மணிக்கட்டும் சற்றே தொய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அங்கே ஒரு காளையின் திமில் இருக்கிறது என்று உங்கள் கண்ணே இட்டு நிரப்பிக்கொள்ளும். பென்னாகரம் பக்கம் மாடு வளர்த்த ஒரு பெரியவர் என்னுடன் வந்தபோது, அதைப் பார்த்தவுடன் "ஏரு பூட்டுறதுக்கு முன்னாடி எங்கப்பா இப்படித்தான் நிப்பாரு" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

தலையையும் சுற்றி வந்து பாருங்கள். சடைமுடியையே தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டியிருக்கிறது, அதில் பாம்புகள் நெளிகின்றன. அருகில் உமை நிற்கிறார். அவர் நிற்கும் தயக்கமும் ஒயிலும் தனியே எழுத வேண்டியவை.

"அதுக்கு 1011-ன்னு வருஷம் போட்டிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது வருஷக் கணக்கா எப்படித் தெரியும்?"

சிலையில் எழுதி வைக்கவில்லை. திருவெண்காட்டுக் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளில், முதலாம் இராசராசனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டில் ரிஷபவாகன தேவர் திருமேனி செய்தளிக்கப்பட்டதும், அடுத்த ஆண்டு அவருக்கு உமை செய்தளிக்கப்பட்டதும் குறிக்கப்பட்டுள்ளன. இராசராசன் பட்டமேறியது 985 என்பதால் அந்த ஆண்டு 1011, உமைக்கு 1012 எனக் கணக்காகிறது. பெரிய கோயில் நிறைவு பெற்றது 1010-இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தச் சிலை எந்தக் கைகளின் காலத்தது என்பது புரியும்.

பெரும்பாலான செப்புத் திருமேனிகளுக்கு இப்படிச் சான்று கிடைப்பதில்லை. முகத்தின் வடிவம், தோளின் சரிவு, ஆடை மடிப்பு, பூணூல் விழும் போக்கு ஆகியவற்றை, ஆண்டு தெரிந்த ஒரு திருமேனியோடு ஒப்பிட்டே மற்றவற்றின் காலத்தைக் கணிக்கிறார்கள். அந்த வகையில் இந்த ரிஷபவாகனர் ஓர் அளவுகோல். பெயர்ப்பலகையில் "11-ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் இருந்தால் அது ஒப்பீட்டால் வந்த கணிப்பு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

"ஐம்பொன்னுன்னா தங்கம் எவ்வளவு இருக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத பயணமே இல்லை. ஐம்பொன் என்ற பெயரைக் கேட்டு ஐந்து உலோகமும் சம அளவில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பங்கு செம்புதான். அதனோடு வெள்ளீயமும் காரீயமும் சேரும். இன்று சுவாமிமலை ஸ்தபதிகள் செம்புடன் பித்தளையும் காரீயமும் சேர்க்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்கே, பெரும்பாலும் செய்யச் சொன்னவர் தம் விருப்பமாக வார்ப்பில் இடுவதாக, அமையும். தங்கத்துக்காகச் சிலையை உருக்கியவர்கள் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

"ஒரே மாதிரி ரெண்டு சிலையே இல்லையே, அச்சு வச்சு ஊத்தலையா?"

அச்சு உண்டு, ஆனால் அது ஒரே முறைதான் உதவும். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து முதலில் உருவத்தை முழுமையாகச் செய்துவிடுவார்கள். அதன்மேல் மெல்லிய ஆற்று வண்டலைப் பல படிகளாகப் பூசிக் காயவைத்து, சுட்டால் மெழுகு உருகித் துளைவழியே வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி வெளிப்படும். மண் கூடும் போயிற்று, மெழுகும் போயிற்று. அடுத்த சிலைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"சில சாமிக்கு மூக்கு முழியே தெரியல, தேஞ்சு கெடக்கு. மண்ணுல இருந்ததாலயா?"

மண் ஒரு காரணம். மற்றொரு காரணம் வழிபாடு. தலைமுறை தலைமுறையாக எண்ணெய், பால், சந்தனம் என அபிடேகம் செய்து, புளி போட்டுத் துலக்கினால் எந்த உலோகமும் தேயும். தேய்ந்த முகம், அந்தச் சிலை நெடுங்காலம் பூசையில் இருந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

பீடத்தையும் குனிந்து பாருங்கள். பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். விழாக் காலத்தில் தண்டு கோத்துத் தோளில் சுமப்பதற்காக அமைந்தவை அவை. அதாவது இங்கே அசையாமல் நிற்கும் இவர்கள் அனைவரும் தெருவில் உலா வருவதற்கென்றே செய்யப்பட்ட உற்சவர்கள். பட்டும் மாலையும் மூடி, தீவட்டி வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரியும்படிதான் ஊரார் அவர்களைப் பார்த்திருப்பார்கள். நாம் பார்ப்பதுபோல் முழு உருவத்தையும் கண்டவர்கள் ஸ்தபதியும் அர்ச்சகரும் மட்டுமே.

"சாமி சிலைதானே, கும்பிடலாமா? காசு போடலாமா?"

கைகூப்புவதை யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் பீடத்தில் காசு வைப்பது, குங்குமம் இடுவது, பூ வைப்பது, கால்தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஆகியவை வேண்டாம். கையிலுள்ள வியர்வையின் உப்பு செம்பைப் பச்சை பிடிக்கச் செய்யும், குங்குமத்திலுள்ள ஈரமும் அவ்வாறே. முன்னொரு முறை எங்கள் குழுவில் ஒரு அம்மா, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை அம்மன் பீடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டார். காவலர் எங்களைத் தேடிக்கொண்டு வாசல்வரை வந்தார். தலைகுனிந்து நின்றது நான்தான்.

"கோயில் சாமியைக் கோயிலுக்கே திருப்பிக் குடுத்துரலாமே? இங்க வச்சிருக்கிறது பாவமில்லையா?"

இதற்கு எளிய பதில் கிடையாது. மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் பார்வைக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து அது அருங்காட்சியகத்துக்குப் போவதே பல காலமாக நடைமுறை. படையெடுப்புகளுக்கு அஞ்சிக் கோயில்காரர்களே புதைத்து வைத்து, பிறகு எடுப்பதற்கு ஆளில்லாமல் போன திருமேனிகளே இவற்றில் பல. எந்தக் கோயிலுக்குரியது என்றே தெரியாதவையும் உண்டு.

தெரிந்தவற்றைத் திருப்பிக் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒருவேளைப் பூசைக்கே வழியில்லாத, இரவில் காவல் இல்லாத சிற்றூர்க் கோயிலில் விலைமதிப்பற்ற உற்சவரை வைப்பது, திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது கண்டறியப்பட்டு 2014-இல் திரும்பி வந்தார். பத்தூர் நடராசரை மீட்க இலண்டன் நீதிமன்றம்வரை வழக்காடி, 1991-இல்தான் கொண்டுவர முடிந்தது. இவை திரும்பியவை, திரும்பாதவற்றை எண்ணிப் பாருங்கள்.

என் தனிப்பட்ட எண்ணம் இது: ஊரும் கோயிலும் பூசையும் காவலும் நிலைத்திருக்கும் இடத்துக்குரிய திருமேனி அங்கே போக வேண்டும். மற்றவை கலைக்கூடத்தில் இருக்கட்டும், ஆனால் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

"அப்போ மீட்டுட்டு வந்த சிலையெல்லாம் இங்கதான் வருதா?"

இல்லை. மீட்கப்பட்ட திருமேனிகள் வழக்கு நடக்கும்வரை சான்றுப்பொருள்களாக இருக்கும். பிறகு உரிய கோயிலுக்கோ, இந்து சமய அறநிலையத்துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களுக்கோ போகும். பூட்டிய அறையில் இருக்கும் அவற்றை நாம் பார்ப்பது அரிது. கலைக்கூடத்தில் உள்ளவற்றையோ எவரும் பார்க்கலாம். முந்தைய கேள்வியை எடைபோடும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சென்னை மியூசியம் பார்த்தாச்சு. இதையும் பார்க்கணுமா?"

பார்க்க வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்த திருமேனிகளே இரண்டு ஊர்களிலும் பிரிந்து கிடக்கின்றன. அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூரில் இருக்கிறார், ரிஷபவாகனரும் கல்யாணசுந்தரரும் பிட்சாடனரும் தஞ்சையில் இருக்கிறார்கள். ஒரே கோயில் குடும்பத்தைப் பார்க்க முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் அலைய வேண்டியிருக்கிறது.

"தஞ்சாவூர் பெயிண்டிங்? பசங்களுக்கு என்ன இருக்கு?"

கண்ணாடிக் கல்லும் பொன்தகடும் பதித்துப் பலகையில் செய்யும் அந்த ஓவியங்கள் மராட்டியர் காலத்தில் செழித்தவை. அவற்றை வளாகத்தின் மற்றப் பகுதிகளிலும் ஊரிலுள்ள கடைகளிலும் பார்க்கலாம். கலைக்கூடத்தின் உயிர் கல்லும் செம்பும்தான். பிள்ளைகளுக்குக் கவலை வேண்டாம், தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று வளாகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பியபின் அவர்கள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

"துவாரபாலகர்னா எல்லாக் கோயில்லயும் இருக்காரே, அவர்கிட்ட என்ன விசேஷம்?"

அவருடைய பீடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது: "ஸ்வஸ்திஸ்ரீ உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்." விசயராசேந்திரன் என்பது முதலாம் இராசாதிராசனின் பட்டம். கல்யாணபுரம் என்பது மேலைச் சாளுக்கியரின் தலைநகர், இன்றைய கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்திலுள்ள பசவகல்யாண். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரை அழித்துவிட்டு, வெற்றிச் சின்னமாக அதன் வாயிற்காவலரைத் தூக்கிவந்திருக்கிறார்கள்.

கல்லின் கருமையும் அணிகளின் செறிவும் பக்கத்திலுள்ள சோழர் சிலைகளோடு ஒட்டாமல் நிற்பதைச் சட்டென்று உணர்வீர்கள். கல்யாணபுரத்திலிருந்து சோழநாட்டுக்கு வந்தவர், அவரைக் கொண்டுவந்து நூறாண்டுக்குப் பிறகே எழுந்த தாராசுரம் கோயிலில் நின்று, அங்கிருந்து கலைக்கூடத்துக்கு வந்திருக்கிறார். சாமியை ஊரைவிட்டு எடுக்கலாமா என்று நம்மைக் கேட்பவர்களை நான் இவர்முன் கொண்டுவந்து நிறுத்துவேன். சிலைகள் இடம்பெயர்வது அருங்காட்சியகங்கள் வந்தபின் தொடங்கிய வழக்கமன்று.

"நம்ம தருமபுரிப் பக்கத்துக் கல்லு ஏதாவது அங்க இருக்கா?"

கலைக்கூடத்தில் தேடுவதைவிடத் தஞ்சைக்கு அருகிலுள்ள திருவையாற்றுக்குப் போங்கள். ஐயாறப்பர் கோயில் வளாகத்துத் தென்கயிலாயத் திருச்சுற்றில், உருண்டும் பட்டையிட்டும் நுணுக்க வேலைப்பாடு கொண்ட கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை சோழர் பாணியைச் சேர்ந்தவையல்ல, நுளம்பர் பாணியில் அமைந்தவை. நுளம்பபாடியை வென்ற சோழர்கள் அங்கிருந்து கொண்டுவந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நுளம்பர் யார் என்று நாம் வெளியே தேட வேண்டியதில்லை. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்த அவர்கள், தகடூர் என்ற நம் தருமபுரியிலிருந்தும் ஆண்டவர்கள். கோட்டையிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலில் தினமும் விளக்கேற்றிவிட்டு வருபவர்களுக்கு, அந்தத் தூண்களைத் திருவையாற்றில் பார்த்ததும் பழகிய முகத்தைப் பார்த்ததுபோலிருக்கும்.

"நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு ஏன் இல்ல?"

இருக்கிறது, நாம் போவதில்லை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராசாசி பிறந்த எளிய வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பேணுகிறது. பழைய கட்டடத்தைப் பேணுவது என்றால் அரண்மனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது போதும். மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் குன்றின்மேல் கூட்டமாக நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்ற ஆய்வு முடிவு 2022-இல் அறிவிக்கப்பட்டது.

தஞ்சையில் செம்பும் சிவனும் என்றால் நம்மிடம் கல்லும் வீரனும். "தொறு" என்றால் மாட்டுமந்தை. "தொறுக் கொண்ட ஞான்று பட்டான் கல்" என்னும் போக்கில், மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்ட, அரசனல்லாத ஒருவனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி வாழ்த்துவதுவரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைச் சொல்லுகிறது. ரிஷபவாகனரைச் செய்யச் சொன்னவர்கள் வசதி படைத்தவர்கள். நடுகல்லை நட்டவர்கள் மாடு மேய்த்தவர்களின் ஊரார். இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் தமிழ்நாட்டுச் சிற்பம் முழுமையாகப் புரியும் என்று நான் நம்புகிறேன்.

"எங்க காட்டுலயே வேடியப்பன் கல்லு ஒண்ணு இருக்கு, எழுத்து மாதிரி ஏதோ இருக்கு. சொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்களா?"

இந்தப் பயம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பரவலாக இருக்கிறது. நடுகல் வீரனை வேடியப்பனாகக் கும்பிட்டுப் பொங்கல் வைக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். பூசையில் இருக்கும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவது நோக்கமல்ல, எழுத்தைப் படியெடுப்பதே நோக்கம். சுத்தமான கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றித் தட்டி, மையிட்டு எடுக்கும் படி ஒன்று போதும், கல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கலைக்கூடத்துத் திருமேனிகள் இழந்த ஊரும் பூசையும் உங்கள் வேடியப்பனுக்கு இன்னும் இருக்கின்றன, அதைக் குலைக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் உழும்போது புதிதாகக் கல்லோ செம்போ தட்டுப்பட்டால், முன்சொன்ன புதையல் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்பதால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. திருவிழாவுக்கென்று கல்லின்மேல் எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், மூன்று வரி எழுத்திருந்த கல்லுக்கு ஒரு நன்கொடையாளர் வெள்ளிநிறம் பூசி, மறு ஆண்டு அதைச் சுரண்ட ஆசிட் ஊற்றினார். இப்போது முதல் வரியில் "கோ" மட்டும் தெரிகிறது. எண்ணெயும் மஞ்சளும் போதும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலையோ தீப்பெட்டியையோ வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, தருமபுரி அகழ்வைப்பகத்திலோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள்.